பேர்ன் முனையில் நின்ற வண்டி

1

இந்தக் கதை எனக்கு ரொட்டிக் கடை வரிசையில் கிடைத்தது. பிரான்சின் பிரெத்தாஞ் கரைக்கு எதிரே இருக்கும் உவெஸ்ஸான் தீவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தீவில் நடக்கும் எந்தச் செய்தியும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் என் காதுக்கு வரும். எழுதிவிடுவேன் என்ற பயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீலக் கடலின் நடுவே, வெண்மையான கலங்கரை விளக்கம் தன்னுடைய…’

அடித்துவிட்டேன். இந்தக் கரைக்கு வந்து போனவர்கள் யாரும் நிறத்தைச் சொல்வதில்லை. காற்றைச் சொல்வார்கள்.

மறுபடியும்: அசெனோருக்கு முப்பத்து நான்கு வயது. காலைப் படகில் வருகிறவர்களுக்குத் தீவின் கரைகளைச் சுற்றிக் காட்டி, மாலைப் படகில் திருப்பி அனுப்பும் வழிகாட்டி. சிற்றுந்தை ஓட்டுகிறவன் குல்வென். அன்று வண்டியில் அவனுடைய பெட்டியும் இருந்தது. ப்ரெஸ்ட் நகரில் வேலை கிடைத்துவிட்டது. அந்த மாலைப் படகிலேயே போகிறான். அவன் போகக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. சொல்லவில்லை. அவனைப் பிடித்திருக்கிறது என்பதையே ஐந்து கோடைகளாகச் சொல்லவில்லை.

2

(அசெனோரைப் பற்றி ஏதாவது ஒரு குறை எழுதலாம் என்று தேடினேன். குறை இருந்தால் பாத்திரம் நம்பும்படி இருக்கும். அகப்படவில்லை.)

தீவின் மேற்குக் கோடியான பேர்ன் முனையில் அவள் பேசவே மாட்டாள். பாறைகள்மேல் அலை ஏறி உடைவதை எல்லோரும் வாய் மூடிப் பார்க்கும்வரை சும்மா நிற்பாள். அந்த மௌனத்துக்காகவே நான் இரண்டு முறை காசு கொடுத்து அந்தச் சுற்றுலா போயிருக்கிறேன்.

வண்டிக்குள் திரும்பிய பிறகுதான் ஒலிவாங்கியை எடுப்பாள்.

“அந்தக் காலத்துல இங்க ஆம்பளைங்க வருஷக்கணக்கா கப்பல்லதான் இருப்பாங்க. அதனால பொண்ணுதான் போய் மாப்பிள்ளை கேப்பா. கையில பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு. அவன் அதைச் சாப்பிட்டா சம்மதம்னு அர்த்தம்.”

லியோன் நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டாள்: “அது எப்பம்மா நின்னுபோச்சு?”

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பதில் வந்தது. “நிக்கல மேடம். கேக்கத்தான் ஆளில்ல.”

“ரோட்டைப் பாத்து ஓட்டு, குல்வென்.”

“வண்டி இன்னும் கெளம்பவே இல்லையே.”

3

முதல் பிரதியில் அவள் பையில் ஒரு கொழுப்புத் துண்டை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். மழைச்சட்டையும் அலைநேர அட்டவணையும் மட்டுமே இருந்தன. இன்னொரு பிரதியில், படகு புறப்பட்டபின் துறைமுகத்தில் தனியே நின்று அவள் அழு…

வேண்டாம். அவளை அழவைக்க நான் யார்?

நடந்தது இது. அசெனோர் ஒலிவாங்கியை நிறுத்தி மடியில் வைத்தாள்.

“போகாத. என்னைக் கட்டிக்கறியா?”

“பதினாலு பேர் முன்னாடியா கேப்ப?”

“தனியா இருந்தப்போ எனக்கு வாய் வரல. உனக்கு என்ன கேடு, அஞ்சு வருஷமா?”

“பொண்ணுதான் கேக்கணும்னு தெனமும் மைக்ல சொல்றது யாரு? நான் காத்துட்டு இருந்தேன்.”

“இப்போ கேட்டுட்டேன். பதில் சொல்லு.”

4

படகுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. பதினான்கு பேரில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஒரு பதிலை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டது அவனிடம்; என்னிடம் இல்லை.

கடைசி வரிசையில், லியோன் அம்மாளுக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருக்கிறது. உட்காருங்கள். குல்வென் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்புகிறான். அசெனோர் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காற்று பலமாக அடிக்கிறது. கொஞ்சம் முன்னால் குனிந்து கேளுங்கள்.