இடக்கையின் ஐந்தாவது எலும்பு

கோட்டைச்சாமி எலும்புக்கூட்டிலிருந்து கழற்றி நீட்டிய கையை வாங்கிப் பார்த்து, “இடது கைண்ணே” என்றாள் நாகஜோதி. சொன்னது சரிதான். ஆனால் பதில் சொன்ன பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை. கம்பியில் கோத்த விரல்கள் அவள் உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தன.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு முடித்திருந்தாள். மதுரையில், பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கும் உயிரியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டுக்கு ஓர் இடம் காலியாகி, மாறுதல் கேட்டு எழுதிப்போட்டாள். நேர்காணலுக்கு அழைப்பே வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல், தடையில்லாச் சான்று எல்லாம் தயார். செய்முறை ரெக்கார்டில்தான் குறை. மனித எலும்புப் பாடத்தை இங்கே யாரும் நடத்தவில்லை. அங்கேயோ எலும்பைக் கையில் கொடுத்து இடதா வலதா என்று கேட்பார்களாம். அதனால்தான் விடுமுறையிலும் மத்தியான வேளைகளில் கோம்பையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஆய்வக உதவியாளர் கோட்டைச்சாமி அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

முழு எலும்புக்கூடு மேற்கு ஜன்னல் ஓரமாகக் கொக்கியில் தொங்கியது. ஆனி மாதக் காற்று குமுளிக் கணவாயிலிருந்து இறங்கி அடிக்கும்போது எலும்புகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ பல்லைக் கடிப்பது போலச் சத்தம் வரும். “சுவரப் பாக்கத்தேன் திருப்பி வச்சுட்டுப் போவேன். மறுநாள் வந்து பாத்தா மலையப் பாத்து நிக்கும். கொக்கி முறுக்கு அப்படி” என்று முதல் நாளே கோட்டைச்சாமி சொல்லியிருந்தார். அப்போது அவள் சிரித்தாள்.

சுண்டுவிரலுக்கு அடியில் உள்ளங்கையில் ஓடும் ஐந்தாவது எலும்பு, நுனியில் கவட்டையாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளையில் சுண்டுவிரல். இன்னொரு கிளை வெறுமையாக நின்றது.

“அது கம்பெனிக்காரன் தப்பா மாட்டுனதும்மா” என்றார் கோட்டைச்சாமி.

மாட்டியதல்ல. ஒரே எலும்பு. நாகஜோதி தன் இடக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு வெளியே, கொள்ளுப் பருப்பு அளவில் தழும்பு. பிறந்த மாதத்திலேயே ஆறாவது விரலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்பா தங்கப்பாண்டியனுக்கு இன்றும் அந்த விரல் இருக்கிறது. அவருடைய அண்ணன் மலைச்சாமிக்கும் இருந்ததாம். அந்தப் பெரியப்பாவை அவள் பார்த்ததில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மலைக்கு மேலே ஏலத் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவில்லை.

“இது எங்கன வாங்குனதுண்ணே?”

“மதுரையில ஒரு கடையில. நான் வேலைக்குச் சேந்த புதுசு, இருவத்தஞ்சு வருசமிருக்கும். கேக்க ஆளில்லாத பொணமா இருந்திருக்கும். வேறென்ன?”

கையை அவர் திரும்ப மாட்டும்போது, எலும்புக்கூட்டின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தொங்குவதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்தில் பெரியம்மா ஜக்கம்மாவுக்குத் துணையாகக் கொத்துகளில் வாடிய பழங்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பந்தலுக்குக் கீழே பச்சை இருட்டு. மருந்தடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

“பெரியப்பாவுக்குக் கால்ல ஏதாச்சும் அடிபட்டிருக்கா பெரியம்மா?”

ஜக்கம்மாவின் விரல் நிற்கவில்லை. “கல்யாணம் முடிஞ்ச வருசம் புளிய மரத்துலருந்து விழுந்தாக. இடது தொடை. கட்டுப் போட்டும் கோணலாத்தேன் கூடுச்சு. நடந்தா ஒரு பக்கமாச் சாய்வாக. தெருமுக்குல வாரப்பவே செருப்புச் சத்தத்துல தெரிஞ்சுக்குருவேன்.” அடுத்த கொத்தைக் கையில் பிடித்தபடி, “எதுக்குத்தா கேக்குற?” என்றாள்.

“சும்மாதேன்.”

அன்று மத்தியானம் ஆய்வகத்துக்குப் போனபோது எலும்புக்கூடு மலையைப் பார்த்து நின்றது. நாகஜோதி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இடது தொடை எலும்பின் நடுவில், மரத்தின் கணு போல ஒரு புடைப்பு. அதற்குக் கீழே எலும்பு விலகி வளர்ந்திருந்தது. காற்று அடித்தது. தொங்கிய இடக்கை ஆடி வந்து அவள் தலைமுடியைத் தொட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. பயம் வந்தது, ஆனால் உதறிவிட்டு எழுந்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்றும் தோன்றியது.

கையைக் கண்ணால் கண்டபடியே ரெக்கார்டில் வரைந்தாள். கவட்டையையும் விடவில்லை. துறைத் தலைவி உமாதேவி பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “புக்ல இருக்குற மாதிரி வரைஞ்சுட்டு வாம்மா. இத அங்க காட்டுனா, எலும்பே தெரியாதவள அனுப்பியிருக்காங்கன்னு நினைப்பாங்க. நாளைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். இப்பவே மாத்திக் குடுத்தா கையெழுத்துப் போட்டுர்றேன்.” நாகஜோதி வராந்தாவில் உட்கார்ந்து அழித்தாள். வெற்றுக் கிளை போய்விட்டது. பென்சில் அழுத்திய தடம் மட்டும் தாளில் பள்ளமாக நின்றது. கையெழுத்து கிடைத்தது.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? கோணல் கால் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். இது சாட்சியாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள், நேர்காணலுக்குக் கேட்டிருந்த டி.சி.யை வாங்கக் கிளம்பியபோது, பெரியம்மா நல்ல சேலை கட்டி வாசலில் நின்றாள்.

“காலப் பத்திக் கேட்டியே. எங்கன பாத்த?”

பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்குள் நாகஜோதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பஸ் வந்ததும் ஜக்கம்மா முதல் ஆளாக ஏறினாள்.

டி.சி. வாங்கிய கையோடு இருவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். கோட்டைச்சாமி திறந்துவிட்டு ஒதுங்கினார். பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தொடையைத் தடவிப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. எலும்புக்கூட்டின் பக்கத்தில் தோளோடு தோளாக, போட்டோ எடுக்க நிற்பவளைப் போல, ஜன்னலைப் பார்த்து நின்றாள். வெளியே காற்று ஓயாமல் அடித்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடின. எலும்புகளிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. கோட்டைச்சாமி அதைக் கவனித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கதவுகள் திறந்துதான் கிடந்தன.

வெகுநேரம் கழித்துப் பெரியம்மா திரும்பி வந்தாள். “இது அவுக இல்லத்தா. வா, போவோம்.”

நாகஜோதிக்கு நெஞ்சுக் கனம் இறங்கியது போலிருந்தது. இறங்கியதில் ஏன் அழுகை வருகிறது என்று தெரியவில்லை. பெரியம்மா படியிறங்கும்போது மெதுவாக, நின்று நின்று இறங்கினாள்.

கோம்பை டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. நாகஜோதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரியம்மா நடுவில் இடம் விட்டு, மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் வந்து இரண்டு மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

“ரெண்டு பொம்பள” என்றாள் ஜக்கம்மா, சுருக்குப் பையைத் திறந்தபடி. “ஒரு ஆம்பள.”

கண்டக்டர் நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் காசை வாங்கிக்கொண்டு மூன்று டிக்கெட் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் சாரல் பிடித்தது. தண்ணீர்த் துளிகள் ஜன்னலைத் தாண்டி உள்ளே தெறித்தன. பெரியம்மா முந்தானையை விரித்து, நடுவிலிருந்த இடத்தின்மேல் நனையாமல் பிடித்துக்கொண்டாள். நாகஜோதி ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.