பம்பு பக்கத்து வானவில்

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தேவைக்கு மேல் சொல்லித் தொலைப்பார்கள். பணிமனையில் பஸ் கழுவுகிற நம் ஆள் அந்த ரகம்தான்.

விசாரணை மேலாளரின் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக ஒரு டிரைவர், கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு. எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு பெண், மடியில் பை.

நான்கு நாளைக்கு முன்னால், காலை ஏழு மணி சுமாருக்கு, அந்த டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்தபோது டீசல் பம்புக்குப் பக்கத்தில் ஒருவர் சக்கரத்தில் மாட்டி அங்கேயே போய்விட்டார். டயருக்குக் காற்று அடிக்கிறவர். பணிமனையில் எல்லோருக்கும் அவர் 'காத்து'. அந்தப் பெண் அவருடைய மனைவி. பஸ்களின் உள்பக்கம் துடைக்கிற வேலை, காலை ஷிப்ட். டிரைவர் யாரென்றால், நம் ஆளின் தங்கை புருஷன்.

ஹார்ன் அடித்தேன், அந்த ஆள்தான் குறுக்கே ஓடி வந்தார் என்று டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டான். பார்த்த சாட்சி ஒன்று வேண்டும். சாட்சி கிடைத்தால் அவன் வேலையோடு வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலையும் போய், சிறைக்கும் போக வேண்டியதுதான். சாட்சி சொன்னாலோ, கண் தெரியாமல் ஓடி வந்து செத்தவர் என்று காத்துவின் பெயர் காகிதத்தில் ஏறும். செத்தவருக்கு என்ன வந்தது என்று சுலபமாகச் சொல்லலாம். அந்தப் பெண்ணின் எதிரில் சொல்ல முடியுமா?

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. நீ பாத்தேன்னு சொன்னா போதும்" என்று தங்கை இரண்டு நாளைக்கு முன்னால் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவன் தலையாட்டிவிட்டான்.

உண்மையில் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. பம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹார்ன் சத்தம் மட்டும் கேட்கவில்லை, அது நிச்சயம்.

"நீங்க எங்க நின்னீங்க?" என்றார் அதிகாரி.

இரண்டு நாளாக இதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பம்பைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நினைத்துக்கொள்வதில் கஷ்டமே இருக்கவில்லை. ஆறு வருஷம் மாலை ஷிப்டில் அவன் அப்படித்தான் நின்றிருக்கிறான். காலை ஷிப்டுக்கு மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"கழுவுற மேடைல சார். பம்பைப் பாத்து. கையில ஹோஸ் இருந்துச்சு. தண்ணி மேல பீச்சி அடிச்சிட்டிருந்தேன். பம்புக்கு மேல வானவில் நல்லா வளைஞ்சு நின்னுச்சு. அதுக்குக் கீழதான் காத்தண்ணன் ஓடி வந்தாரு. ஹார்ன் அடிச்சும் காதுல வாங்கல. என் கண்ணால பாத்தேன்."

வாய் கூசாமல் வந்துவிட்டது. அவனுக்கே ஆச்சரியம். அதிகாரி எழுதினார். தங்கை புருஷன் தொடைக்கு நடுவிலிருந்து கைகளை எடுத்தான்.

அந்தப் பெண் பையை மடியிலிருந்து தரையில் வைத்தாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. "தம்பி, வானவில் எந்தப் பக்கம் தெரிஞ்சுச்சுன்னு சொன்னீங்க?"

"பம்பு பக்கம் அண்ணி."

"காலைல ஏழு மணிக்கா?"

அந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பிடிபட்ட மாத்திரத்தில் அவன் காதில் விழுந்தது காத்துவின் குரல்தான்.

காத்து அதிகம் படித்தவரில்லை, ஆனால் எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார். மாலையில் வேலை முடிந்ததும் டீ டம்ளரோடு மேடைக்கு வந்து நிற்பார். "வெயில் துளிக்குள்ள நுழையறப்ப கொஞ்சம் வளையுதுடா. உள்ள பின்சுவத்துல முட்டித் திரும்புது. வெளிய வர்றப்ப இன்னொரு வளைவு. சிவப்பு ஒரு மாதிரி வளையும், ஊதா வேற மாதிரி. அதான் தனித்தனியா பிரிஞ்சு நிக்குது. வெளிச்சம் வந்த பக்கமே திரும்பிப் போகுதா, அப்ப நீ வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னாத்தான் உன் கண்ணுல விழும்." மாலையில் வெயில் முதுகில் அடிக்கும், எதிரே கிழக்கில் பம்பு, அதன் மேல் வில். ஒருநாள் இருவருக்கும் சண்டைகூட வந்தது. வில்லின் கால் பம்பின் மேல் நிற்கிறது என்பான் இவன். இல்லை, தண்ணித் தொட்டி மேல் என்பார் அவர். கடைசியில் அவரே சிரித்தார். "நீ பாக்கறது உன்னோடது, நான் பாக்கறது என்னோடது. ஒரே வில்லை ரெண்டு பேர் பாக்க முடியாதுடா."

"பம்பு இருக்கறது கிழக்கால சார்" என்றாள் அந்தப் பெண், இப்போது அதிகாரியைப் பார்த்து. "காலைல வெயிலே அங்கிருந்துதான் வருது. பதினோரு வருஷமா அந்த மேடைல நிக்கிற பஸ்ஸுங்களைத்தான் தொடைக்கிறேன். காலைல வில்லு மேற்குச் சுவத்துப் பக்கம் வரும். பம்பு பக்கம் ஒரு நாளும் வராது."

அதிகாரி பேனாவை மூடினார்.

"இந்தத் தம்பிக்கே அது தெரியும். காலைல வில்லு வரவே மாட்டேங்குதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு. சாகறதுக்கு முந்தின நாள் சாப்பிடறப்ப அவர் சொல்லிச் சிரிச்சாரு. பாவம், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கான், பழைய பக்கமே பாத்து நின்னா எப்படி வரும், நாளைக்குப் போய் அவனத் திருப்பி நிக்க வெக்கணும்னாரு." அவள் குரல் அதுவரை உடையவில்லை, அப்போதும் உடையவில்லை. "அதுக்காகத்தான் அவ்வளவு காலைல டயர் பக்கம் போகாம உங்ககிட்ட வந்தாரு தம்பி. ஓடி வரல. நடந்துதான் வந்தாரு. முட்டி வலிக்காரருக்கு ஓட வராது."

அவன் தங்கை புருஷனைப் பார்த்தான். ஒத்துக்கொள்ளாதே, ஒத்துக்கொள்ளாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. தங்கை வாசலில் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. இப்போதும் சமாளிக்கலாம். பக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், வில்லை விடுங்கள், ஆளைப் பார்த்தேன் என்று சாதிக்கலாம். ஆனால் தன்னைப் பார்க்க வந்த மனிதரை, தன் வார்த்தையாலேயே ஓட வைத்துக் கொன்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் பாக்கல சார்" என்றான். "முதுகைக் காட்டிக் குனிஞ்சிருந்தேன். சத்தம் கேட்டப்புறம்தான் திரும்பினேன். ஹார்ன் சத்தம் எதுவும் கேக்கல."

தங்கை புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தங்கை போனை எடுப்பதில்லை. ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனான். உள்ளே விளக்கு எரிந்தது, குழந்தைகள் பேசுவது கேட்டது, கதவு திறக்கவில்லை. எத்தனை நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலையில் மேடையில் ஒரு பஸ் வந்து நின்றது. முதல் தடவையாக அவன் பம்புக்கு முதுகைக் காட்டி, நிமிர்ந்து நின்று, தண்ணீரை உயரப் பீச்சினான். மேற்குச் சுவரின் மேல் வில் வந்தது. சிவப்பு வெளியே, ஊதா உள்ளே, ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்று அவனை அறியாமல் திரும்பிப் பார்த்தான். டீ டம்ளரோடு அங்கே யாரும் இல்லை.

தண்ணீருக்கு அந்தப்புறம் நின்றிருந்த பஸ்ஸில், வெயிலைப் பார்த்தபடி, அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விசாரணைக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. அவனுக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, வந்திருச்சு. தெரியுதா?"

அவள் துணியை நிறுத்தாமல் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இங்கேருந்து வெறும் தண்ணியாத்தான் தெரியுது தம்பி" என்றாள். அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள்.