பின்சீட்டுப் பாரம்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு எட்டு போட்டிருப்பார்கள். காலைக் கீழே ஊன்றாமல் மோட்டார் சைக்கிளில் அந்த எட்டைச் சுற்றி வந்துவிட்டால் லைசென்ஸ். வேறொன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், சுற்றுகிறார்கள், போய்விடுகிறார்கள். நான் மூன்று தடவை தோற்றுப்போனேன்.

முதல் தடவை பேரைக் கூப்பிட்ட உடனே வண்டி அணைந்துவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தேன், கிளம்பவில்லை. இரண்டாவது தடவை பாதி எட்டில் காலை ஊன்றிவிட்டேன். மூன்றாவது தடவைதான் பெரிய கேவலம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கியர் விழுந்துவிட்டது, கிளட்சைப் பிடித்த கை மட்டும் விடவே இல்லை. "விடுங்க, விடுங்க" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். அது என் கை மாதிரியே இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா வாட்சைப் பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

வண்டி ஓட்டத் தெரியாதவன் இல்லை நான். ஆவூர்ப் பக்கத்திலிருந்து கல் கிரஷருக்கு வருசக்கணக்காக இதே வண்டியில்தான் போய் வருகிறேன். மழையில், சேற்றில், லாரி போகிற பாதையில் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் பின்னால் என் வீட்டுக்காரி வியாகுலமேரி இருப்பாள். அவள் மடியில் சம்மட்டிப் பை இருக்கும். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு அமுங்கு அமுங்கும். அந்த அமுக்கம் தெரிந்ததும் கியரைப் போடுவேன். ஏறிவிட்டாளா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது.

எங்கள் வேலை ஜோடி வேலை. நான் உடைப்பேன், அவள் அள்ளிக் கொண்டுபோய்ப் போடுவாள். ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆளுக்கும் வேலை இல்லை. போன ஆடியிலிருந்து அவளுக்கு இருமல். புகையிலை கூடப் போடாத மனுசிக்கு எங்கிருந்து இந்த இருமல் என்று புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லுத் தூசி. மருந்து நான் எழுதித் தர்றேன். ஆனா முதல்ல இவங்களை அந்த எடத்தவிட்டு எடுத்துருங்க. அத நீங்கதான் செய்யணும்" என்றார்.

அதற்குத்தான் இந்த லைசென்ஸ். அன்னவாசலில் முட்டை மொத்த வியாபாரம் பார்க்கிற ஆத்மநாதன், ஊர் ஊராகக் கடைகளுக்கு முட்டை போட ஒரு ஆள் வேண்டும் என்றார். முன்னால் இருந்த ஆளுக்கு லைசென்ஸ் இல்லை. இலுப்பூர் ரோட்டில் யாரையோ இடித்துவிட்டான். அந்தக் கேஸுக்கு அவர் இன்னும் அலைகிறார். "லைசென்ஸைக் காட்டு, வண்டிச் சாவியைத் தாரேன். அது இல்லாம என் முட்டையைத் தொடாத" என்றார். அந்த வேலை கிடைத்தால் இவள் வீட்டில் இருக்கலாம். "நீங்க லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. அன்னைக்கே நான் நின்னுக்கிறேன்" என்று அவளும் சொல்லியிருந்தாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பது வயதுக்குமேல்தான் கற்றேன். பழகுநர் லைசென்ஸுக்குக் கம்ப்யூட்டரில் கேள்வி கேட்பார்கள் என்றதும் அதற்குத்தான் பயந்தேன். அது முதல் தடவையே தேறிவிட்டது. பழகின வண்டி என்னைக் கவிழ்த்துவிட்டது.

பயம் போக ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏலக்காய் மெல்லச் சொன்னார்கள், மென்றேன். சர்க்கரைத் தண்ணி குடித்தேன். இவள் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னாள். பாதி ஜெபத்தில்தான் அன்றைக்குக் காலை ஊன்றினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு தூக்கமே இல்லை. கிரஷரில் கல்லை உடைக்கும்போதுகூடக் கண்ணுக்கு முன்னால் அந்தச் சுண்ணாம்புக் கோடு. சம்மட்டி இரண்டு தடவை விரலில் இறங்கியது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வறண்ட கண்மாய்க்குள் வண்டியை இறக்கினேன். குச்சியால் தரையில் எட்டு கீறி, இவளைப் பின்னால் வைத்துக்கொண்டே சுற்றினேன். எண்ணெய் போட்ட மாதிரி வந்தது. இவளையும் சம்மட்டிப் பையையும் கரையில் இறக்கிவிட்டுச் சுற்றினேன். அரை வட்டம்கூட வரவில்லை. வெறும் வண்டி கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது.

"ஒங்களுக்குப் பின்னாடி கனம் வேணும்" என்றாள் இவள்.

"டெஸ்டுல ஒன்னைய ஏத்த விடமாட்டாங்களே."

"நான் எதுக்கு. கனம்தானே வேணும். நம்மகிட்ட இல்லாத கனமா."

யூரியா சாக்கை வெட்டி இரண்டு பை தைத்தாள். பின்சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி. அதில் முக்கால் இஞ்சு ஜல்லியைக் கட்டினோம். அவள் கனத்துக்குக் கண் மதிப்பாக நான்தான் அள்ளிப் போட்டேன். மறுபடியும் கண்மாயில் இறக்கிப் பார்த்தேன். வந்தது. இவள் கரையில் உட்கார்ந்து கை தட்டினாள். தட்டும்போதே இருமல் வந்து குனிந்துகொண்டாள்.

நாலாவது டெஸ்டுக்கு அந்தப் பைகளோடுதான் போனோம். கேட்டுக்கு முன்பே இவள் இறங்கிவிட்டாள். பழகுநர் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆள் ஏற்றினால் திட்டு விழும். உள்ளே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எழிலரசன் நின்றுகொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். டெஸ்டு நாளெல்லாம் ஒரு கூட்டத்தைக் கூட்டிவருவார்.

"வாங்கண்ணே. நீங்க வந்தாத்தான் இன்னைக்கு டெஸ்டு நாளுன்னே எங்களுக்குத் தெரியுது."

"சும்மா இரு தம்பி. வயித்தக் கலக்குது."

"வயித்த வீட்ல கழட்டி வச்சிட்டு வந்திருக்கணும்ணே. அதென்ன ரெண்டு பக்கமும் பையி? வெள்ளாமை எடுத்துட்டு நேரா இங்கிட்டு வந்துட்டீங்களா?"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உதடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு முன்னால் நீள வரிசை. வண்டியை அணைக்கவில்லை. அணைத்தால் முதல் தடவை மாதிரிக் கிளம்பாமல் போய்விடுமோ என்று பயம். ஆக்சிலேட்டரைத் திருகிக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சட்டையில் துடைத்தேன், மறுபடியும் வேர்த்தது. இது கடைசி என்று எனக்குத் தெரியும். பழகுநர் லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆத்மநாதனும் இந்த வாரம் பார்த்துவிட்டு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். மரத்தடியில் இவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது தெரிந்தது. ஜெபமா, இருமலா தெரியவில்லை.

"என்னமோ தீயுதே" என்றது முன்னால் ஸ்கூட்டரில் இருந்த பெண். சத்யா என்று அப்போதுதான் பேர் கூப்பிட்டார்கள்.

"குப்பை கொளுத்துறாங்க போல" என்றார் யாரோ.

எனக்கும் அந்த நாற்றம் வந்தது. அதைப் பற்றி நினைக்க எனக்கு மூளையில் இடம் இல்லை. சத்யா எட்டை ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டு வெளியே போனது.

"இன்னாசி."

போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்ததும் பேனாவை மூடி மறுபடி திறந்தார்.

"நீங்களா. பதறாம போங்க. அது என்ன பை?"

"சாமான் மேடம்."

"சரி, வண்டிய எடுங்க."

கிளட்சை விட்டேன். கை விட்டது. வண்டி நகர்ந்தது. முதல் வளைவு வந்தது, போனது. கோடு வலது பக்கம் அழகாக ஓடியது. பின்னால் கனம் என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. நடுவில் கடக்கும்போது, ஆகா, இவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்போதுதான் பின்னால் சலசலவென்று சத்தம். டிப்பரில் ஜல்லி இறங்குகிற சத்தம் மாதிரி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாத சத்தமா. திரும்பிப் பார்த்தேன். வலது பக்கத்துப் பை சைலன்சரில் உருகி ஓட்டையாகி, கல் முழுக்க எட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கக் கனம் மட்டும் இழுத்தது. வண்டி அப்படியே சாய்ந்தது. இடது காலை ஊன்றினேன்.

யாரும் சிரிக்கவில்லை முதலில். பிறகு எழிலரசன் கூட்டத்தில் ஒருத்தர் ஆரம்பிக்க எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா நடந்து வந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஜல்லி மேடம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"பின்னாடி பாரம் இல்லாம எனக்கு வண்டி வராது மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "லைசென்ஸ் ஒங்களுக்குக் குடுக்கணுமா, கல்லுக்குக் குடுக்கணுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான். "இப்ப வர்றவங்க இதுல வழுக்கி விழுவாங்க. முதல்ல இதை அள்ளுங்க. ரீடெஸ்ட் கேக்குறதுன்னா கவுண்டர்ல கேளுங்க."

முட்டி போட்டு அள்ளினேன். இத்தனை வருசம் அள்ளாத கல்லா. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அள்ளினேன். முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இரண்டு கை வந்தது. இவள்தான். முந்தானையை விரித்து, கிரஷரில் தட்டில் அள்ளுகிற வேகத்தில் அள்ளினாள். அந்தக் கல்லோடு கொஞ்சம் கல்லு மாவு கிளம்பியது. அவ்வளவுதான், இருமல் பிடித்துக்கொண்டது. கையை ஊன்றிக்கொண்டு இருமினாள். சிரிப்பு நின்றுவிட்டது. எழிலரசன் தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவரும் இரண்டு கை கல்லை அள்ளிப் போட்டார்.

வெளியே வந்து இடது பக்கப் பையையும் அவிழ்த்து, எல்லாக் கல்லையும் ரோட்டோரக் குழியில் கொட்டினேன். ஆத்மநாதனுக்குப் போன் போட்டேன்.

"ஆச்சா?"

"இல்லங்க."

"கல்லைக் கட்டிக்கிட்டுப் போனியாமுல்ல. அதுக்குள்ள எனக்குச் சேதி வந்துருச்சு. நான் என்ன செய்ய இன்னாசி. திங்கக்கெழமையிலருந்து பொன்னமராவதிக்காரன் ஒருத்தன் வாரேன்னுருக்கான். மனசுல வச்சுக்காத."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். பக்கத்தில் நின்ற இவளுக்கும் போன் பேச்சு கேட்டிருக்கும்.

"நாளைக்கு ரெண்டு லோடு இருக்கு" என்றாள். "வெள்ளனாப் போகணும். வண்டிய எடுங்க."

வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. இப்போது கிளம்பி என்ன என்று எரிச்சலாகத்தான் இருந்தது. காலை ஊன்றிக்கொண்டு அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தேன். அமுக்கம் வரட்டும் என்று. வரவில்லை. ஒரு பஸ் போனது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர் போனது.

"ஏறு புள்ள" என்றேன்.

"ஏறி எம்புட்டு நேரமாச்சு. எதுக்கு நிக்கிறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள். மடியில் சம்மட்டிப் பை இல்லை. பக்கத்தில் கல் இல்லை. அவள் மட்டும். வண்டிக்கு அவள் ஏறினதே தெரியவில்லை.

இத்தனை நாளும் நான் அவள் கனம் என்று நினைத்து ஓட்டியது சம்மட்டியின் கனம். கண் மதிப்பாக அள்ளிப் போட்டேனே, அது இருமலுக்கு முந்தின அவள் கனம். காலையில் அந்த மைதானத்தில் இருந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை.

கியரைப் போட்டேன். கேட்டுக்கு எதிரில் ரோடு பறித்துப் போட்டிருந்தார்கள். பள்ளம், மண்குவியல், நடுவில் படுத்திருந்த ஒரு மாடு. வளைந்து, அங்கிட்டு ஒடித்து, இங்கிட்டு ஒடித்து வெளியே வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, கால் இரண்டும் மேலேயே இருந்தது. வெறும் வண்டி. ஆடவில்லை. வண்டியை நினைத்துப் பயப்பட எனக்கு நேரம் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். பிறகு வண்டியைத் திருப்பினேன்.

"எங்க திரும்புறீங்க? ஊரு அங்கிட்டுல்ல இருக்கு."

"கவுண்டர மூடுறதுக்குள்ள தேதி கேட்டுட்டுப் போவோம். பழகுநர் லைசென்ஸ் முடிஞ்சா புதுசாப் போட்டுக்குவோம்."

"முட்டக்காரருதான் வேற ஆளு பாத்துட்டாரே. இனிமே எதுக்கு?"

"முட்ட இல்லேன்னா வேற ஒண்ணு. நாளைக்கு ஒன்னைய அந்தக் கிரஷர்ல கொண்டுபோய் எறக்க மாட்டேன்."

"அப்ப ஒங்களுக்கும் வேல இல்ல."

"இல்லேன்னா இல்ல."

வண்டி கேட்டை நோக்கிப் போனது. பின்னால் சத்தமே இல்லை, கனமும் இல்லை. கண்ணாடியில் பார்க்கலாம் என்றால் அது எப்போதோ உடைந்துபோனது.

"பேசிக்கிட்டே வா புள்ள" என்றேன். "நீ பேசாம வந்தா, இருக்கியா இல்லையான்னு தெரியமாட்டேங்குது."