பல் டாக்டர் வெட்டிய குளம்

பல் டாக்டருக்குச் சும்மா இருப்பது பல்வலியைவிடக் கொடுமை. கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் யாரும் சொல்வதற்கு முன் அவரே கிளினிக்கைப் பூட்டிவிட்டார். பூட்டிய மறுநாளே, இனி தன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற கவலை அவரைப் பிடுங்கித் தின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தோட்டத்தில் ஒரு குளம் வெட்டினார்.

குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கட்டில் போடுகிற இடம்தான். அடியில் ரப்பர் விரிப்பு, ஓரத்தில் உருண்டைக் கற்கள், நடுவில் தொட்டியோடு இறக்கிய அல்லி, கொஞ்சம் நாணல், தண்ணீருக்குள்ளேயே வளரும் செடி இரண்டு கொத்து. தும்பி வரும், தவளை வரும் என்று மனைவியிடம் அளந்துவிட்டிருந்தார். அவள் பேக்கரி நடத்துகிறவள். "வரட்டும். வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்று மாவு பிசையப் போய்விட்டாள்.

வந்தது பச்சை நிறம்தான். தண்ணீர் கலங்கிப் பச்சையாகி, கற்களில் வழவழவென்று பாசி ஏறியது. அதைப் பார்த்ததும் டாக்டருக்குப் பல்லில் படிந்த கறை ஞாபகம் வந்துவிட்டது. தொழில் புத்தி யாரை விட்டது? புது டூத்பிரஷ் ஒன்றை எடுத்துவந்து ஒவ்வொரு கல்லாக, உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்துத் தேய்த்தார். பிறகு தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினார். புதுத் தண்ணீர் பாசிக்கு விருந்தாகிப் போனது. அடுத்த வாரம் முன்னைவிடப் பச்சை.

"வாய் கொப்பளிக்கச் சொல்லலையா?" என்றாள் மனைவி.

அதோடு விட்டாரா? கொசுப்புழு நெளிகிறதென்று நாலைந்து மீன் வாங்கிவந்து விட்டார். எங்கிருந்தோ ஒரு தவளை நம்பி வந்து முட்டையிட்டிருந்தது. மீன்கள் கொசுப்புழுவோடு நிறுத்தாமல் தலைப்பிரட்டைகளையும் ஒரு கை பார்த்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"தொட்டதெல்லாம் கெடுது. இந்தக் கை இனி எதுக்கும் லாயக்கில்லை" என்றார்.

மனைவி கிண்டலை நிறுத்தினாள். "கையில ஒண்ணும் இல்லைங்க. நட்ட செடியைத் தினம் பிடுங்கி, வேர் விட்டுச்சான்னு பாத்தா எப்படி? மீனைக் கடையில திருப்பிக் குடுங்க. செடி பரவட்டும், தண்ணியில இருக்கிற சத்தை அது இழுத்துக்கட்டும். உதிர்ந்த இலையை மட்டும் பொறுக்குங்க. வேற எதுலயும் கை வெக்காதீங்க."

"தண்ணி பச்சையாவே இருந்தா?"

"இருக்கட்டும். யாரு குடிக்கப் போறா?"

டாக்டர் மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அல்லி இலைகள் தண்ணீரை மூடின. அழையாத விருந்தாளியாக நத்தைகள் வந்து பாசியை மேய்ந்தன. மழையும் வெயிலுமாக நாள் போக, ஒரு காலையில் தண்ணீர் தெளிந்து அடியில் இருந்த விரிப்பு தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் நாணல் தண்டில் ஓர் அசிங்கமான பூச்சி ஏறியது. முன்பெல்லாம் இந்த மாதிரிப் பூச்சிகளைத்தான் அவர் வலைபோட்டு அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். பூச்சி அசையாமல் நின்றது. முதுகு பிளந்தது. உள்ளேயிருந்து வெளுத்த தும்பி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. வால் மட்டும் கூட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் பிடுங்கியே பிழைத்த மனுஷர்! லேசாக ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடும் என்று விரல்கள் துடித்தன. அவர் இழுக்கவில்லை. தும்பி தானே எம்பி, வாலை உருவி, கசங்கிய இறக்கையை மெல்ல விரித்தது. வெயில் ஏறியதும் பறந்துபோனது.

அவர் நேராகப் பேக்கரிக்கு ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சட்டென்று குரல் இறங்கிப்போய், "நான் இல்லாட்டியும் அது பறந்திருக்கும், இல்ல?" என்றார்.

"பறந்திருக்கும். குளம் இல்லாட்டி பொறந்திருக்காது" என்றாள் அவள். துணி போட்டு மூடியிருந்த மாவுப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது உப்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும், தொடக் கூடாது. இங்க வேலைக்கு வர்றவங்க எல்லாம் அமுக்கி அமுக்கிப் பாத்தே கெடுத்துடுறாங்க. இதுக்கு ஒரு ஆள் கெடைக்காம நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.