அடித்தல் இல்லாத அட்டை

தபால் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை எண்ணினேன். ஹைப்பர்கொலஸ்டிரோலீமியா. இங்கிலீஷில் இருபது எழுத்து. நான் கொடுத்திருந்த எச், எம், பி, ஒய் நான்கும் உள்ளே இருந்தன. எட்டு நாள் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது சிம்பதெடிக்கலி, பதினைந்துதான். தோற்றதில் வருத்தமில்லை. நாற்பத்தாறு வருடத்தில் பாதிக்குமேல் நல்லமுத்துதான் ஜெயித்திருக்கிறான். என்னை உறுத்தியது வேறு. அட்டையில் ஒரு அடித்தல்கூட இல்லை.

உடுமலைப்பேட்டை ஹாஸ்டலில் நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் பாய். அவன் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி மகன், நான் மூணாறு மாட்டுப்பட்டி எஸ்டேட்டுப் பையன். இருவருக்கும் இங்கிலீஷ் என்றால் பயம். அந்தப் பயம் போக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். ஒருவன் நாலைந்து எழுத்து தருவான், அவை எல்லாம் வருகிற மிக நீளமான சொல்லை இருவரும் தேட வேண்டும். பிறகு அவன் வயலுக்கும் நான் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலைக்கும் போனோம், விளையாட்டு தபால் அட்டைக்கு மாறியது. இரண்டே சட்டம். இருவரிடமும் உள்ள அந்தப் பள்ளி அகராதியில் சொல் இருக்க வேண்டும். தேடிப் பிடித்துப் பிறகு கைவிட்ட சொற்களையும் எழுதி, மேலே கோடு அடித்து அனுப்ப வேண்டும். எந்த வழியாகப் போனான், எங்கே முட்டித் திரும்பினான் என்று அந்தக் கோடுகளில் தெரியும். நான்கு வருடம் முன்பு என் மனைவி கத்தரீனாள் இறந்த மாதம், அவன் துக்கம் விசாரித்து ஒரு வரி எழுதவில்லை. அட்டை முழுக்க அடித்தல், பத்தொன்பது சொல். அத்தனை நேரம் எனக்காக உட்கார்ந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது வந்திருக்கிற சொல் எங்கள் அகராதியில் இல்லை. எழுத்தைத் தட்டினால் சொல்லைக் கொட்டும் வசதி போனில் உண்டு என்று எனக்கும் தெரியும். அன்றைக்கே எழுதினேன்: ‘மெஷினோடு விளையாட நான் தயாரில்லை. இனி எழுத வேண்டாம்.’ அடுத்த ஆட்டத்துக்கு எழுத்து எதுவும் கொடுக்கவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது நியாயம் செய்தவன் மாதிரி நடந்தேன்.

முதல் வாரம் அந்த நடை இருந்தது. இரண்டாவது வாரம் அகராதியை எடுத்துத் துடைத்து வைத்தேன். மூன்றாவது வாரம் தினமும் சாலைக்கு இறங்கி, வட்டவடை ஜீப்புகள் காரட் மூட்டையோடு மூணாறுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு தபால்காரர் பாண்டிக்காக நின்றேன். ஒரு நாள் அவரே நின்றார்; அன்று நான் வாய் திறந்து பேசிய முதல் ஆள் அவர்தான். அப்போது மணி பதினொன்று.

“என்ன ஃபிட்டர் சாரே, பாலக்காட்டுக்காரரு தோத்து ஓடிட்டாரா?”

“நான்தான் வேண்டாம்னு எழுதுனேன்.”

“அப்பறம் எதுக்கு தெனமும் இங்க வந்து குளுருல நிக்கீரு?” பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நல்லமுத்து மகன் கோபிநாத்தின் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எண் இருந்தது. நாங்கள் போனில் பேசுவதில்லை; பேச்சில் விடை நழுவிவிடும் என்பான். எடுத்தது மருமகள் மௌனிகா.

“ஏனுங்க, மூணாத்து அய்யாங்களா? நானே கூப்படலாம்னு இருந்தனுங்க. பயமா இருந்துச்சு.”

“அவன்கிட்டக் குடும்மா. கோவமா இருக்கானா?”

“கோவமெல்லாம் இல்லீங்க. மாமாவுக்கு நெனப்பு தங்கறதில்லீங்க. எழுத்தே அடையாளம் தெரியறதில்ல. ரெண்டு வருசமாச்சு.”

“அப்ப அட்டை?”

“நாந்தானுங்க. போன்ல பாத்து எழுதுவேன். மொத வார்த்தைய எழுதமாட்டனுங்க, ஏழாவது, எட்டாவதா பாத்து, உங்க புஸ்தகத்துல இருக்குதான்னு தேடிட்டுத்தான் எழுதுவேன். அடிச்ச வார்த்தையும் நானே போடுவேன். அந்த வாரம் எனக்குக் காச்சலுங்க. மேல இருந்ததையே எழுதிப் போட்டுட்டேன்.”

நாங்கள் எப்போதும் கேப்பிடல் எழுத்திலேயே எழுதுவதால் கை மாறியது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கோடுகளைப் பார்த்து, பாவம், இங்கே முட்டியிருக்கிறான் என்று நான் சிரித்ததெல்லாம் இந்தப் பெண் சமையலுக்கு நடுவே போட்டது.

“எதுக்கும்மா இவ்வளவு?”

“பதில் போகலீன்னா நீங்க எழுதமாட்டீங்கல்லங்க. அட்டை வந்தா அன்னைக்குப் பூரா கையில வெச்சுட்டு அமைதியா உக்காந்துக்குவாரு. அடுத்தது வந்தாத்தான் பழச விடுவாருங்க.”

“நான் கடைசியா எழுதுனது?”

“அதத்தான் வெச்சிருக்காருங்க இப்பவும். என்ன எழுதியிருக்குதுன்னு அவருக்குத் தெரியாது. வாங்கி வெக்கலாம்னா விடறதில்ல. ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு. நீங்க ஒண்ணு போட்டீங்கன்னா…”

“இன்னைக்கே போடுறேன். வர நாலு நாள் ஆகும்.”

“ஆகட்டுங்க.”

நாலு நாள் அவன் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மன்னிப்புக் கேட்கலாம். யாரிடம்? நான் செபாஸ்டின் என்று சொன்னால் யார் என்பான். எனக்கு அவனிடம் சொல்ல எழுத்தைத் தவிர வேறு எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

“போனை அவன் காதுல வை, தாயி.”

அவள் நடந்து போவது கேட்டது. ஒரு கதவு. வெளியே வயலில் மோட்டார் ஓடும் சத்தம். “மாமா, இந்தாங்க, பேசுங்க” என்றாள். பிறகு மூச்சு, மிக அருகில்.

“முத்து,” என்றேன். “எழுதிக்கோ. ஆர்.”

காத்திருந்தேன். பேனாவைத் தேடுகிறவனுக்குக் கொடுக்கும் நேரத்தைக் கொடுத்தேன்.

“டி.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பனி இறங்கி எதிர்ச் சரிவில் தேயிலை வரிசை வரிசையாக மறைந்தது. அங்கே யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். மூச்சு ஒருமுறை நின்று, மறுபடி வந்தது.

“எல்,” என்றேன்.