பாரை மீனும் இரண்டு சம்பந்திகளும்

டாக்டரம்மாவுக்கு மனிதர்களின் வாய் அலுத்துப்போயிருந்தது. கல்யாண வீட்டில் யாராவது சிரித்தால் போதும், கடைவாயில் சொத்தை இருப்பது கண்ணில் படும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் பழைய சிமென்ட் அடைப்பு தெரியும். எத்தனையோ வருஷமாகப் பல்லைப் பார்த்துப் பார்த்து, பல்லே இல்லாத உலகம் ஒன்று எங்காவது இருக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்குத்தான் இந்த மீன் பைத்தியம் பிடித்தது.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. இறகு, முடி, பளபளக்கும் நூல் எல்லாவற்றையும் முள்ளில் கட்டி, குட்டி மீன் மாதிரியோ இறால் மாதிரியோ ஒரு பொய்யை உருவாக்க வேண்டும். அதற்கு ஃப்ளை என்று பெயர். நீளமான கம்பால் கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்யை மீனின் மூக்குக்கு முன்னால் பூப்போல இறக்க வேண்டும். கிளினிக்கில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில், பல்லுக்கு வைத்திருக்கும் இடுக்கியாலேயே டாக்டரம்மா ஃப்ளை கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் வீசிப் பழகினார். எதிர்வீட்டுத் துண்டு இரண்டு தடவை மாட்டியது. மீன்தான் இதுவரை ஒன்றும் மாட்டவில்லை.

அறுபதாவது பிறந்தநாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து, கடலுக்கு நடுவே எங்கோ கிடக்கும் ஒரு குட்டித் தீவில் ஒரு வார மீன்பிடி விடுமுறை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு. டாக்டரம்மாவின் கணவருக்கோ குளியலறை வாளியில் தண்ணீர் தளும்பினாலே தலை சுற்றும்.

"நான் வரல, சாமி. ஆளை விடு," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அப்ப அத்தை வரட்டுமே, அம்மா," என்றாள் மகள், ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததை இப்போதுதான் தோன்றியதுபோல.

அத்தை என்றால் மாப்பிள்ளையின் அம்மா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி போய்விட்டாலும் குரல் போகவில்லை. கல்யாண வரவேற்பில் மைக்கைக் கையில் வாங்கி, "பெண்ணின் தாயார் பிரபல பல் மருத்துவர். பல் சம்பந்தமான தொந்தரவு உள்ளவர்கள் மேடையின் இடது பக்கம் அணுகலாம்" என்று அறிவித்தவர். பட்டுப்புடவையோடு அன்றைக்கு டாக்டரம்மா எட்டிப் பார்த்த வாய்களுக்குக் கணக்கில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதை மட்டும் இருந்தது. "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டீங்களா சம்பந்தி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

மகளின் முகத்துக்காக டாக்டரம்மா தலையாட்டினார். சிறிய விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சம்பந்தியம்மாவிடம் திரும்பினார்.

"ஒரே ஒரு உதவி, சம்பந்தி. நான் டாக்டர்னு அங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஐயோ, நான் ஏன் சொல்லப் போறேன்? யாராவது கேட்டா?"

"டீச்சர்னு சொல்லுங்க."

"எந்தப் பாடம்?"

"எதையாவது சொல்லுங்க."

"கணக்குன்னு சொல்றேன். அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க," என்று சம்பந்தியம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினார். அதே விரலால் கடலைக் காட்டி, இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தார்.

தீவில் வரிசையாகச் சில மரக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு படகுத்துறை. மரங்களுக்கு அந்தப் பக்கம் மீனவர் குடியிருப்பும் ஒரு சுகாதார நிலையமும். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரே விமானம்.

மறுநாள் காலை டாக்டரம்மா கம்பும் தொப்பியுமாக, சம்பந்தியம்மாவோடு துறைக்கு வந்தார். படகுக்காரர் நெட்டையான ஆள், கண்கள் தண்ணீரின் மேலேயே இருந்தன. அவருடைய இடது கன்னம் பன் ரொட்டிபோல வீங்கியிருந்தது. ஒரே பார்வையில் டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது: கீழ்க் கடைவாய்ப்பல், சீழ் கட்டியிருக்கிறது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார். பார்க்காதே, நீ கணக்கு டீச்சர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெஞ்சு உறுத்தியது. இருந்தாலும் மேகத்தையே பார்த்தார்.

படகு மணல் திட்டுக்கு வந்து நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முழங்காலளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். மூன்று பேரும் இறங்கி நடந்தார்கள். சத்தம் போடாமல் நடக்க வேண்டும், மீன் மிரண்டுவிடும் என்று படகுக்காரர் சைகை காட்டினார்.

"புடிச்ச மீனைச் சமைச்சுத் தருவாங்களா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"இல்ல சம்பந்தி. பிடிச்சிட்டுத் திரும்ப விட்டுடணும்."

"விட்டுடணுமா! அப்ப எதுக்குப் புடிக்கணும்? அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கிற மீனைக் கூப்பிட்டு, ஒண்ணுமில்ல சும்மாதான் கூப்பிட்டேன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் படகுக்காரர் உடம்பு விறைத்துக் கையை நீட்டினார். இந்த மீன்பிடியில் திசையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். நேர் எதிரே என்றால் பன்னிரண்டு மணி, கொஞ்சம் இடது என்றால் பத்து மணி. ஆனால் வீங்கிய வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ.

"அத்து அணி! அத்து அணி!"

"என்ன சொல்றாரு?" என்றார் டாக்டரம்மா, கம்பைத் தூக்கிப் பிடித்தபடி.

"பத்து மணின்னு சொல்றாரு," சம்பந்தியம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஒரு நிலையம் முழுக்கக் கேட்கும் குரலில், "இல்லீங்களே, மணி எட்டுதானே ஆகுது!" என்றார்.

ஒரு பெரிய நிழல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அதோடு கூட வந்த மூன்று நான்கு நிழல்களும் ஓடின. படகுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மீன் போன வலியா பல் வலியா என்று தெரியவில்லை.

"ஐயோ பாவம்," என்றார் சம்பந்தியம்மா. டாக்டரம்மாவைப் பார்த்தார். படகுக்காரரைப் பார்த்தார். மறுபடி டாக்டரம்மாவைப் பார்த்தார். சொல்லாமல் அடக்கியதில் அவர் முகமே சிவந்துவிட்டது. "தம்பி, இவங்க டீச்சர் இல்ல. பெரிய பல் டாக்டர். வாயைத் திறந்து காட்டுங்க."

வேறு வழியில்லை. கடலுக்கு நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, டாக்டரம்மா கம்பைச் சம்பந்தியிடம் கொடுத்துவிட்டு, "ஆ காட்டுங்க," என்றார்.

பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டா இந்த மனிதர் விடியற்காலையிலிருந்து படகு தள்ளினார்? உடனே படகைத் திருப்பச் சொன்னார். சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ், டாக்டரைக் கண்டதும் கட்டிப்பிடிக்காத குறைதான். அலமாரியில் மரப்பு ஊசி மருந்து இருந்தது, மாத்திரைகள் இருந்தன, பல் பிடுங்கும் இடுக்கிகள் உறை பிரிக்காமல் இருந்தன. பிடுங்குவதற்குத்தான் யாரும் வரவில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. படகுக்காரர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய டாக்டரம்மாவைக் கும்பிட்டார்.

மறுநாள் காலை டாக்டரம்மா குடில் கதவைத் திறந்தபோது படிக்கட்டிலிருந்து துறை வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர், வலை பின்னுபவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய மாமியார், மாமியாரின் தம்பி. எல்லோரும் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். அதாவது, எல்லோரும் பல்லைக் காட்டினார்கள்.

போக முடியுமா? போகவில்லை. அன்றும் சுகாதார நிலையம், மறுநாளும் சுகாதார நிலையம். படகுக்காரர் தேறிவிட்டார், படகு சும்மா நிற்கிறதே, கம்பும் அதிலேயே கிடக்கிறதே என்று சம்பந்தியம்மா ஏறிக்கொண்டார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க சம்பந்தி, நான் சும்மா வேடிக்கை பாத்துட்டு வர்றேன்."

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா ஒரு கிழவருடைய கடைவாயில் குனிந்திருந்தார். அப்போது கடல் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. நிதானமாக, திருத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! பெண்ணின் மாமியார் பிடித்த மீன், அவருடைய கையை விட நீளமானது!"

கிழவர் வாயைத் திறந்தபடியே சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

குடிலுக்குள் நுழைந்ததும் வெடித்தார். "நான் கட்டின ஃப்ளை! நான் வாங்கின கம்பு! மூணு வருஷமா மாடியில நின்னு வீசிப் பழகினது நானு! சத்தியம் பண்ணாத குறையா சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு, வந்த மறுநாளே போட்டு உடைச்சிட்டீங்க. கல்யாணத்துலயும் இதேதான். நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

சம்பந்தியம்மா வெயிலில் தக்காளிபோலச் சிவந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் பேச ஆரம்பித்தபோது குரல் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

"ரயில்வேல இத்தனை வருஷம் வேலை பாத்தேன். யாரோ வர்றாங்க, யாரோ போறாங்கன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். எங்க வீட்ல இதுவரைக்கும் பெருமையா சொல்லிக்கிற மாதிரி ஒருத்தரும் இல்ல. நீங்க சம்பந்தியா வந்ததும் எனக்குத் தலைகால் புரியல. யாரைப் பாத்தாலும் சொல்லணும் போல இருக்கு. வாய் நிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டரம்மா அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த மிச்ச வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொசுவலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"எந்த ஃப்ளைல மாட்டுச்சு?" என்றார் கடைசியில்.

"அந்தப் பச்சை, வால்ல வெள்ளை முடி இருக்குமே."

"அதுதான் நல்லா வந்துச்சு," என்றார் டாக்டரம்மா. கோபம் இன்னும் பாதி இருந்தது. ஆனாலும் நெற்றியில் தடவிக்கொள்ளத் தன் பையிலிருந்த களிம்பை எடுத்து நீட்டினார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் காற்று பலமாக அடித்ததால் படகுகள் போகவில்லை. டாக்டரம்மா மிச்சமிருந்த வாய்களைப் பார்த்து முடித்தார். கிளம்பும் நாளன்று காலையில் காற்று அடங்கியது. விமானம் மத்தியானம். அப்படியும் இரண்டு மூன்று பேர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கம்பைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். சம்பந்தியம்மா அவரைக் கையால் விலக்கிவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"டாக்டர் இன்னைக்கு லீவு. உயிர் போற வலி இருக்கிறவங்க கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"நர்ஸம்மாகிட்ட மாத்திரை இருக்கு. நல்லா இருங்க. நாங்க மீன் பிடிக்கப் போறோம்."

மணல் திட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை சம்பந்தியம்மா உதட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெகுநேரம் எதுவும் வரவில்லை. ஒரு திருக்கை மட்டும் மணலைக் கிளறிக்கொண்டு போனது. அதன் பின்னால், அதன் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு, கறுப்பாக ஒன்று வந்தது.

"பாரை," என்று மூச்சுக்காற்றில் சொன்னார் படகுக்காரர். "பெரிசு. பதினோரு மணி. வீசுங்க!"

டாக்டரம்மா வீசினார். பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. மாடியில் ஒருநாளும் இப்படி விழுந்ததில்லை. ஃப்ளை திருக்கைக்குச் சற்று முன்னால் சொட்டென்று விழுந்தது.

"இழுங்க! வேகமா! நிறுத்தாதீங்க!"

கறுப்பு நிழல் திரும்பியது. தண்ணீர் ஒரு மேடாக எழும்பி அவரை நோக்கி வந்தது. வாய் திறந்தது. டாக்டரம்மா வாழ்க்கையில் பார்த்த வாய்களிலேயே பெரியது அதுதான். அவ்வளவுதான், கயிறு விரல்களைச் சுட்டுக்கொண்டு பாய்ந்தது, அதைச் சுற்றியிருந்த ரீல் அலறியது, டாக்டரம்மா குப்புற விழுந்தார். கம்பை மட்டும் விடவில்லை. மீன் அவரைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது.

"அக்கா! பிடிங்கக்கா!" என்று கூவினார் டாக்டரம்மா.

சம்பந்தியம்மா பின்னாலிருந்து பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருமாகக் குதிகாலை மணலில் ஊன்றினார்கள். "விடாதே! விடாதேடி!" என்று கத்தினார் சம்பந்தியம்மா. படகுக்காரர் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார், சுற்றச் சொன்னார், மறுபடி தளர்த்தச் சொன்னார். தொப்பி ஒன்று போனது. செருப்பு ஒன்று போனது. கைகள் மரத்துப்போய், இனி முடியாது என்று டாக்டரம்மா நினைத்த நேரத்தில் மீனும் அதையே நினைத்ததுபோலப் பக்கவாட்டில் சாய்ந்தது.

படகுக்காரர் வாலைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா குனிந்து அதன் தாடையைப் பிடித்து முள்ளைக் கழற்றினார். இரண்டு பெண்களும் இருபுறமும் அதன் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாங்கினார்கள். கனமாக, குளிர்ச்சியாக, உயிரோடு துடித்தது. மீன் ஒருமுறை செவுளை அகல விரித்தது. பிறகு கைகளிலிருந்து வழுக்கி, அவசரமே இல்லாமல், ஆழத்தை நோக்கிப் போனது.

"இப்ப உங்க முறை," என்று டாக்டரம்மா கம்பை நீட்டினார்.

"விமானத்துக்கு நேரமாச்சு," என்றார் படகுக்காரர்.

"ஒரே ஒரு தடவை," என்றார்கள் இரண்டு பேரும்.

ஒரு தடவை பல தடவை ஆனது. கடைசியில் படகு துறையைத் தொட்டபோது விமானத்தின் விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு, ஒற்றைச் செருப்போடு, கம்பை அணைத்துக்கொண்டு இரண்டு பேரும் மணலில் ஓடி வந்து ஏறினார்கள். விமானி இருக்கையிலிருந்து திரும்பினார். அவர் முகத்தில் துளிக்கூடச் சிரிப்பு இல்லை.

"யாரால இவ்வளவு நேரம்?"

டாக்டரம்மா சம்பந்தியம்மாவைக் கைகாட்டினார். சம்பந்தியம்மா டாக்டரம்மாவைக் கைகாட்டினார். உப்புத் தண்ணீர் இருக்கைகளின் மேல் வழிந்துகொண்டிருந்தது.