அறுநூறு அடிக் கம்பி

எங்கள் மலையூர் கிளாவரையில் விளைநிலத்தைக் காடு என்போம்; அதை அளப்பது முள்கம்பிதான். காட்டுமாடு வராமலிருக்க ஒரு காட்டைச் சுற்றி எத்தனை அடி வேலி ஓடுகிறதோ, அதுதான் அந்தக் காட்டின் அளவு. என் அம்மா கருப்பம்மாளுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. அதனால்தான், தங்கும் விடுதி கட்டப்போகிற ஞானவேல் எங்கள் பூண்டுக் காட்டைக் கேட்டு, பதிலுக்கு ரோட்டோரம் ஒரு நீளக் காட்டைத் தருகிறேன் என்றதும் தலையாட்டிவிட்டாள். இதற்கும் அறுநூறு அடிக் கம்பி, அதற்கும் அறுநூறு. மூட்டை சுமந்து மேடேற வேண்டாமே என்று அவளுக்கு.

அம்மா போனில் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் அம்மாவும் ஞானவேலும் சேர்த்துப் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி.

"எங்க காடு நூத்தம்பதுக்கு நூத்தம்பது. பெருக்கினா இருபத்திரண்டாயிரத்து ஐநூறு சதுர அடி. நீங்க தர்றது இருநூத்தம்பதுக்கு அம்பது. வெறும் பன்னிரண்டாயிரத்து ஐநூறு," என்றேன்.

ஞானவேல் சிரித்தார். "சரி புவனா, இருநூறுக்கு நூறு வாங்கிக்க. அதுக்கும் அறுநூறு அடிக் கம்பிதான்."

"இருபதாயிரம். அப்பவும் கொறையுது."

"நூத்தியெம்பதுக்கு நூத்தியிருவது?"

"இருபத்தோராயிரத்து அறுநூறு."

"ஏறிக்கிட்டேதான வருது?" என்றார் ஊர்த்தலைவர் பழனிக்குமார். "இன்னுங் கொஞ்சம் முன்னப் பின்ன மாத்தினா ஒங்க காட்டையும் தாண்டிரும். எப்பவும் கொறையும்னு நீ எப்படிச் சொல்லுவ? எல்லா அளவையும் போட்டுப் பாத்துட்டியா?"

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. அங்கே அழுதால் தொலைந்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. எத்தனை எண்ணைப் பெருக்கிக் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது.

ஜெராக்ஸ் கடையில் வேலை என்பதால் என் பையில் வீணான தாளும் கத்தரிக்கோலும் எப்போதும் கிடக்கும். இரண்டையும் தலைவர் முன்னால் வைத்தேன்.

"நாலு தாள ஒண்ணா அடுக்கி, ஒங்க இஷ்டத்துக்கு ஒரு நீளக் காட்ட வெட்டுங்க. நான் தொடமாட்டேன்."

வெட்டினார். ஒரே அளவில் நான்கு துண்டுகள். ஒன்றின் நீளத்தோடு அடுத்ததன் அகலம் சேரும்படி அவற்றைத் தரையில் சுற்றி அடுக்கினேன். வெளியே பெரிய சதுரம், நடுவில் சதுரமாய் ஓர் ஓட்டை.

"வெளிப்பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு நீளமும் ஒரு அகலமும் சேந்தது. அறுநூறு அடிக் கம்பின்னா அது எப்பவும் முந்நூறு. இந்தப் பெரிய சதுரத்துக்குள்ள எங்க காடு மாதிரி நாலு, இடமே மிஞ்சாம அடங்கும். ஒங்க நாலு துண்டுக்கு நடுவுல ஓட்டை விழுது. அதுதான் கொறையிற நெலம்."

பள்ளியில் இதையே எழுத்தில் நிறுவியிருக்கிறேன். இரண்டு மிகை எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, அதில் பெருக்கல்தொகையின் நான்கு மடங்கைக் கழித்தால், அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கம் மிஞ்சும். வர்க்கம் ஒருநாளும் குறையெண் ஆகாது. ஓட்டையின் பக்கம் அந்த வித்தியாசம்தான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தந்தது, இன்றைக்கு என் அம்மாவின் காட்டுக்காக நின்றது.

ஆளாளுக்கு வெட்டிப் பார்த்தார்கள். ஒல்லியாக வெட்டினால் பெரிய ஓட்டை, அகலமாக வெட்டினால் சின்ன ஓட்டை. ஓட்டை இல்லாமல் ஒருவருக்கும் அமையவில்லை.

ஞானவேல் கத்தரிக்கோலைப் பிடுங்கினார். "ஓட்டையில்லாம நான் காட்டுறேன்."

முதல் தடவை கட்டைவிரல் அளவு ஓட்டை. இரண்டாவது தடவை பட்டன் அளவு. நீளத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். மூன்றாவது தடவை நான்கு துண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்தின.

"இப்ப எங்க இருக்கு ஓட்டை?" என்றார், என்னை ஏறிட்டுப் பார்த்து.

அம்மா குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நீளம்தான்.

"இது ஏற்கெனவே எங்கிட்ட இருக்கே, ஞானவேலு," என்றாள். "இதுக்கு நான் எதுக்கு மாத்தணும்?"